எத்தனை விரல்?

கல்லடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

போன கிழமை போனில் "நம்ம உதைபந்தாட்டக் கழகம் எப்படிப் போகுது?" என்று கேட்டாய். "ஏதோ போகுது" என்று சொல்லிவிட்டேன். அக்கா பக்கத்தில் இருந்தாள், அதுதான் பேச முடியவில்லை. இப்போது விளக்கமாக எழுதுகிறேன்.

புதுக் கோச் வந்து ஐந்து மாதம். ஏறாவூர்க்காரர். கிழமைக்கு நாலு நாள் மோட்டார் சைக்கிளில் வருகிறார், பெற்றோல் காசைத் தவிர ஒரு சதம் வாங்குவதில்லை. முதல் நாள் அவர் பந்தைத் தொடவே இல்லை. பொடியன்மாரை வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவரின் பூட்ஸையும் கழற்றச் சொன்னார். ஒன்று அடி பிய்ந்து நூலால் கட்டியது, இன்னொன்று அண்ணனுடையது, விரலுக்கு முன்னால் துணி அடைத்திருந்தது. பதினேழு பேரில் ஆறு பேருக்குத்தான் காலுக்குச் சரியான பூட்ஸ் இருந்தது. எல்லோருடைய அளவையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, "இனி ஓடுவோம்" என்றார். அன்றைக்கே எனக்கு இந்த மனிதரில் நம்பிக்கை வந்துவிட்டது.

அவருடைய ஒரு பயிற்சியை நீ பார்க்க வேண்டும். ஒருவன் பந்தை வாங்க நிற்பான். கோச் அவனுக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வருவதற்குள் அவன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் கிழமை முழுக்க ஒருவனுக்கும் சரிவரவில்லை. விரலைப் பார்த்தால் பந்து போய்விடும், பந்தைப் பார்த்தால் விரல் தெரியாது. இப்போது பதினாலு வயதுப் பொடியன்கூட "மூன்று" என்று கத்திக்கொண்டே பந்தைத் திருப்பி எடுத்து ஓடுகிறான். நாங்கள் விளையாடிய காலத்தில் பந்து வந்த பிறகுதானே எதிராளி எங்கே நிற்கிறான் என்று தேடுவோம்? எத்தனை பந்தை அப்படியே பறிகொடுத்தோம், மச்சான்.

பிரச்சினை கோல் கிக்கில், அதுதான் கோலுக்கு முன்னாலிருந்து கீப்பர் அடித்துத் தொடங்கும் பந்தில், தொடங்கியது. 2019இல் விதி மாறிய பிறகு அந்தப் பந்தைக் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பெட்டிக்கு உள்ளேயே நம் ஆள் வாங்கலாம், பந்து வெளியே போக வேண்டும் என்றில்லை. கோச் அதை வைத்துப் பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாகக் கட்டி விளையாடப் பழக்குகிறார். பழக்கும்போது பிழை வரும். போன மாதம் ஆரையம்பதியில் நாலுக்குப் பூச்சியம் தோற்றோம். அதில் இரண்டு கோல் நம் பெட்டிக்குள் நாமே தூக்கிக் கொடுத்தது. கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் "தூர அடிடா! தூர அடிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. கீப்பரைப் பார்த்து, திரும்பவும் அதே மாதிரி என்று கையைக் காட்டினார்.

அந்த மாட்சில் அக்காவின் மகன் இறங்கவில்லை. தொடர்ந்து மூன்று நாள் பயிற்சிக்குப் பிந்தி வந்தான் என்று கோச் அவனை நிறுத்திவிட்டார். நம்முடைய முதல் ஸ்டிரைக்கர் அவன், என் மருமகன். "உன்ட கோச்சுக்கு என்ட பிள்ளைதான் கிடைச்சானா?" என்று கேட்டாள் அக்கா. பிறகு இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் அரைவாசிப் பேர் கோச்சை மாற்று என்று நின்றார்கள்.

அங்கே நான் உன் இங்கிலாந்துக் கழகம் ஆர்சனலின் கதையைத்தான் எடுத்துச் சொன்னேன். 2019 டிசம்பரில் ஆர்டெட்டா கோச்சாக வந்தார். அந்த சீசனும் எட்டாம் இடம், அடுத்ததும் எட்டாம் இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று மாட்சும் தோல்வி, ஒன்பது கோல் வாங்கி ஒன்றும் அடிக்காமல் பட்டியலில் கடைசியில் கிடந்தார்கள். அந்த டிசம்பரில் ஒழுங்கை மீறியதற்காகக் கேப்டன் ஓபமேயாங்கின் பதவியையே பறித்தார், அவன்தான் பெரிய கோல்காரன் என்று பார்க்கவில்லை. ஆனாலும் நிர்வாகம் ஆர்டெட்டாவைக் கைவிடவில்லை. அந்த சீசன் ஐந்தாம் இடத்தில் முடிந்தது, அதற்குப் பிறகு மூன்று சீசன் தொடர்ந்து இரண்டாம் இடம். அந்த ஆகஸ்டில் அவரை அனுப்பியிருந்தால் சாகா, ஒடெகார்ட் மாதிரி இளம் ஆட்டக்காரர்கள் யாருக்குக் கீழே வளர்ந்திருப்பார்கள்? ஐந்து மாதத்தில் ஒரு மனிதரை எடை போடுகிறோமே, நமக்கே அது நியாயமா என்று கேட்டேன். கடைசியில் அடுத்த மாரி முடியும்வரை அவரே இருக்கட்டும் என்று முடிவானது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது பழைய நினைவு வந்தது. 2004இல் உன் ஆர்சனல் 38 மாட்சிலும் தோற்காமல் கப் எடுத்ததை நாமெல்லாம் டிஷ் பூட்டிய அந்த ஒரே வீட்டில் நெருக்கியடித்துப் பார்த்தோமே. அந்த வருடம் டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீடும் இல்லை, அதில் நம்மோடு இருந்த நாலு பேரும் இல்லை. அடுத்த வருடம் திருச்செந்தூர்க் கோயிலின் சாய்ந்த கோபுரத்தைத் தாண்டி, ஒன்பது பேரோடு நாம் கிறவுண்டில் இறங்கினோம். ஆறு கோல் வாங்கினோம். ஒருவரும் நம்மைத் திட்டவில்லை, கரையில் நின்று அழுதார்கள். அந்தப் பொறுமை இந்த ஊரில் இருந்தது, மச்சான். அதைத்தான் இந்தப் பொடியன்மாருக்கும் கேட்கிறேன்.

இனி உன்னிடம் ஒரு உதவி. கப்புக்கும் ஜெர்சிக்கும் காசு அனுப்பாதே. அங்கே பிள்ளைகளுக்குக் கால் வளர்ந்து ஒதுக்கி வைத்த பூட்ஸ் எத்தனையோ வீட்டில் இருக்கும். விசாரித்துச் சேர்த்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. கோச்சின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன்: 5 அளவில் மூன்று சோடி, 6இல் நாலு, 7இல் மூன்று, 9இல் ஒன்று.

அந்த 9 மருமகனுக்கு. வியாழக்கிழமை அவன் நாலு மணிக்கு முன்னமே வந்துவிட்டான். கோச் பேசாமல் அவனுக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார்.

அன்புடன்,
உன் மச்சான்