ரெடிங்கிலிருந்து அப்புச்சிக்கு

அன்புள்ள அப்புச்சிக்கு,

"வீடு பேசி முடிச்சாச்சுன்னு சொன்னியே கண்ணு, இன்னுமா கிரயம் ஆகலை?" என்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

ரெடிங், லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. வேக ரயிலில் பாடிங்டன் ஸ்டேஷனுக்கு 25 நிமிடம் போல ஆகும். எலிசபெத் லைன் ரயிலும் உண்டு, ஆனால் ஊரூராக நின்று போகும். மாமா திருப்பூரிலிருந்து கோயமுத்தூருக்குச் சீசன் டிக்கெட்டில் போய்வருவாரே, அந்தப் பிழைப்புதான். ஆனால் இங்கே வருடச் சீசன் 5,000 பவுண்டுக்கு மேல்! நான் வாரம் இரண்டு நாள்தான் ஆபீஸ் போவதால், 28 நாளில் 8 நாள் போய்வரும் ஃபிளெக்ஸி சீசன் போதும். ஸ்டேஷன் எத்தனை நிமிட நடை என்பதைப் பொறுத்து வீட்டு விலையே ஏறி இறங்குகிறது. ரயிலே வராத கோபியில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

ஃபிளாட் மலிவாயிற்றே என்றாள் அம்மா. இங்கே ஃபிளாட் என்றால் பெரும்பாலும் நெடுங்காலக் குத்தகைதான், 99 வருடம், 125 வருடம் என்று. மிச்ச வருடம் ரொம்பக் குறைந்துவிட்டால் பாங்கும் கடன் தர யோசிக்கும். இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டுக் குத்தகைக்காரியாக இருக்க உங்கள் பேத்திக்கு மனசு வருமா? பக்கத்து வீட்டோடு ஒரு பொதுச்சுவர் இருந்தாலும், மண்ணோடு சொந்தமாகிற வீடாகத்தான் பார்த்தோம்.

விலை 4,50,000 பவுண்ட். முதல் வீடு என்பதால் 3,00,000 வரை முத்திரை வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம். ஆக 7,500. நம் ஊரில் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் ஆகிறதே! இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். எந்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை இங்கே ஊரறிய வெளியிடுகிறார்கள். வீட்டுக்காரர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று தெரிந்துகொண்டுதான் விலை பேசவே போனோம். வீட்டு வரியை மட்டும் இன்னும் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்துப் போடுகிறார்கள். நம்ம பஞ்சாயத்து ஆபீஸே தேவலை.

சரி, தாமதத்துக்கு வருகிறேன். நம் பக்கம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டால் ஒரு பிடிமானம் உண்டு. இங்கிலாந்தில் விலை பேசுவது வெறும் பேச்சு. இரு பக்க வக்கீல்களும் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் நாள் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமாக 10 சதவீதப் பணம் கொடுப்பதும் அப்போதுதான். இதற்கு முன் பேசிய வீட்டுக்காரர், கூடக் கொடுக்க ஆள் வந்ததும் கம்பி நீட்டிவிட்டார். வீடு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் சர்வேக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதைய வீட்டில் இருப்பது வயதான தம்பதி, நல்ல மாதிரி. ஆனால் அவர்கள் கடலோரத்தில் ஒரு வீடு வாங்க வேண்டும், அந்த வீட்டுக்காரர் வேறொன்று வாங்க வேண்டும். ஒருவர் விற்ற பணத்தில்தான் அடுத்தவர் வாங்குகிறார், எல்லோரும் ஒரே நாளில் சாவி மாற்ற வேண்டும். தடப்பள்ளி வாய்க்காலில் கடைமடைக்காரன் மேலே பார்த்து நிற்பது போலத்தான் நாங்கள் நிற்கிறோம்.

தண்ணீர் வசதி எப்படி என்றீர்கள். இங்கே பயமே வேறு. தேம்ஸும் கென்னட்டும் கூடும் ஊர், வெள்ளம் வருமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது.

காட்டை விற்றுப் பணம் அனுப்புகிறேன் என்ற பேச்சு வேண்டாம், அப்புச்சி. 15 சதவீதம் சேர்த்துவிட்டோம், மீதி பாங்கு லோன். 5 வருடத்துக்கு வட்டி மாறாது, அப்புறம் புதிதாகப் பேச வேண்டும்.

சாவி என்றைக்குக் கிடைக்கும் என்பது எங்கள் கையில் இல்லாததால், ஜோசியரிடம் ஒரு நாளாகக் குறிக்காமல் ஆவணியில் மூன்று, ஐப்பசியில் மூன்று என்று வாங்கி அனுப்புங்கள். ஹோமம் வேண்டாம், புகை அலாரம் அலறும். பால் மட்டும் காய்ச்சிக்கொள்கிறோம். வாசல் தெற்குப் பார்த்தது என்று அம்மாயியிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி