கம்பளிச் சட்டையில் தெறித்த பொறி

உதகை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே உறைபனிக் காலம். விடியற்காலையில் தலைகுந்தாப் பக்கத்துப் புல்வெளி உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கிறது.

காற்று வறண்டிருப்பதால் இரவில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தெறிக்கிறது. போன வாரம் விளக்கை அணைத்துவிட்டு அதைப் பேத்திக்குக் காட்டினேன். உரசும்போது ஒரு துணியிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் இடம்பெயர்வதே காரணம் என்று விளக்கியவன், பழைய வாத்தியார் புத்தி போகாமல், புரோட்டான் எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 1836 மடங்கு நிறை கொண்டது என்பதையும் சொல்லிவைத்தேன். "அப்படியென்றால் அதன் மின்னூட்டமும் 1836 மடங்கு இருக்க வேண்டாமா, தாத்தா?" என்று கேட்டுவிட்டாள்.

இல்லை என்று சொல்வது எளிது. இரண்டின் மின்னூட்டமும் 1.602 × 10⁻¹⁹ கூலும்தான். குறி மட்டுமே எதிரெதிர். அந்த அளவை 1 என்று கொண்டால், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்கு என்னும் நுண்துகள்களில், இரண்டு மேல் குவார்க்குகளுக்குத் தலா +2/3, ஒரு கீழ் குவார்க்குக்கு −1/3; கூட்டினால் 1. நியூட்ரானில் ஒரு மேல், இரண்டு கீழ் என்பதால் சுழியம். ஆனால் குவார்க்கே இல்லாத எலக்ட்ரான், இந்தக் கூட்டுத்தொகைக்குச் சரியாக ஈடுகொடுப்பது ஏன்? அணுக்கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்துக்குள் சிதைந்து, ஒரு புரோட்டானாகவும் ஓர் எலக்ட்ரானாகவும் எதிர்நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற ஒரு நுண்துகளாகவும் மாறுகிறது. தொடக்கத்தில் சுழியமாக இருந்தது முடிவிலும் சுழியமாகவே இருக்க வேண்டுமென்பதால் முன்னவை இரண்டும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் நிறைவில்லை, கணக்கு நேராகிறதே தவிர, இயற்கை ஏன் இப்படி அளந்து வைத்தது என்பதற்கு அது விடையாகாது.

நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இவ்வூரிலேயே ஒரு சான்று உண்டு. எலக்ட்ரானைப்போல் 207 மடங்கு நிறையிருந்தும் அதே அளவு மின்னூட்டமே கொண்ட, காஸ்மிக் கதிர்களால் வானில் பிறக்கும் மியூயான் என்னும் துகள்கள், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் நம் உள்ளங்கையைத் துளைத்துச் செல்கின்றன. இங்குள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 என்ற, மியூயான்களை எண்ணும் கருவி, 2014 டிசம்பர் 1 அன்று வீசிய இடிமழையின்போது அவற்றின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே, மேகத்துக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டது. என் சட்டைப் பொறிக்கு மூத்த உறவு அது!

கல்லூரியில், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையை நாம் செய்தது நினைவிருக்கிறதா? நுண்ணோக்கியில் கண்ணை வைத்து "இதோ நிற்கிறது, நிற்கிறது" என்று நீ கூவிக்கொண்டிருக்கும்போதே துளி நழுவிப்போக, நான் கடிகாரத்தை நிறுத்த மறந்தேன். அந்தச் சோதனைக் குறிப்பேடு இன்னும் உன் பரணில் இருந்தால் அனுப்பிவை. பேத்தி பார்க்க வேண்டும் என்கிறாள்; நாம் அடித்து அடித்துத் திருத்திய பக்கங்களோடு அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் துணைவன்