கிளவுடில் ஏற்றும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவப் பயிற்சிக்கான சிமுலேட்டர்களைக் கிளவுடுக்கு மாற்றுவது பற்றிய உங்கள் கட்டுரை செலவுக் கணக்கை நன்றாக விளக்கியது. சிமுலேஷனை ஒரு சேவையாக வழங்க நேட்டோவின் எம்எஸ்ஜி-136 ஆய்வுக் குழு வகுத்த ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியதும் நல்ல காரியம். ஆனால் கன்டெய்னரில் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதியில்) போட்டு ஏற்றிவிட்டால் எல்லாம் தானாக இணைந்துகொள்ளும் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அதை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் முதல் சோதனையிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

சிமுலேட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ஐஇஇஇ 1278 என்ற டிஐஎஸ் தரத்தில் ஓடும் பழைய சிமுலேட்டர்கள் தங்கள் நிலையைப் பிராட்காஸ்டாகவோ (நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும்) மல்டிகாஸ்டாகவோ (ஒரு குழுவுக்கு மட்டும்) அனுப்பிப் பழகியவை. அமேசான் கிளவுடின் உள் நெட்வொர்க்கில் பிராட்காஸ்ட் கிடையாது. மல்டிகாஸ்டுக்கு, நெட்வொர்க்குகளை இணைக்கும் டிரான்சிட் கேட்வே என்ற அமேசான் சேவை வேண்டும். மைக்ரோசாப்டின் கிளவுடான அசூரின் விர்ச்சுவல் நெட்வொர்க்கில் இரண்டுமே இல்லை. எனவே நடுவில் ஒரு ரிலே (செய்தியை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் மென்பொருள்) வைத்து, ஒவ்வொரு சிமுலேட்டருக்கும் செய்திப் பாக்கெட்டைத் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். ரிலேக்கள் இரண்டானால், ஒன்று அனுப்பியதை மற்றது திருப்பி அனுப்பாதபடி வடிகட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது அடையாள எண். தளம், அப்ளிகேஷன், பொருள் என மூன்று எண்கள் சேர்ந்ததுதான் ஒரு டாங்கியின் முகவரி. ஒரே இமேஜிலிருந்து (கன்டெய்னருக்கான மூலப் பிரதியிலிருந்து) இரண்டு கன்டெய்னர்களைக் கிளப்பி, அப்ளிகேஷன் எண்ணை மாற்ற மறந்தால், இரண்டு டாங்கிகளுக்கும் ஒரே முகவரி வந்துவிடும். அப்போது திரையில் ஒரே டாங்கி, இரண்டு இடங்களுக்கும் மாறி மாறித் தாவும். பார்ப்பவர்கள் நெட்வொர்க்கைக் குறை சொல்வார்கள். இந்த எண்ணை இமேஜுக்குள் எழுதி வைக்காமல், கிளப்பும்போது வெளியிலிருந்து கொடுப்பதே சரி.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது கடிகாரம், ஏனென்றால் அது தவறினால் திரையில் எதுவும் உடைந்ததாகத் தெரியாது. இரண்டு செய்திகளுக்கு இடையே விமானம் எங்கே இருக்கும் என்பதை, பெறும் சிமுலேட்டர் வேகத்தை வைத்துத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. செய்தியில் உள்ள நேரமுத்திரையை நம்பிக் கணக்கிடும்போது இரு சர்வர்களின் கடிகாரங்களுக்குள் 200 மில்லிவிநாடி வித்தியாசம் இருந்தால், விநாடிக்கு 250 மீட்டர் போகும் விமானம் 50 மீட்டர் தள்ளித் தெரியும். டிஐஎஸ் முறையில் ஏவுகணை எங்கே வெடித்தது என்று அறிவிப்பவர் சுட்டவர். சேதம் எவ்வளவு என்று முடிவு செய்பவர் இலக்கு. சுட்டவர் திரையில் நேரடியாகப் பட்ட ஏவுகணை, இலக்கின் கணக்கில் 50 மீட்டர் தள்ளி வெடித்ததாக ஆகலாம். அப்போது விமானம் ஒன்றும் ஆகாமல் பறந்துகொண்டே இருக்கும். அந்தப் பயிற்சியில் விமானி கற்பது தவறான பாடம். எல்லா சர்வர்களையும் ஒரே நேர மூலத்தோடு இணைத்து, வித்தியாசத்தைப் பயிற்சி முழுக்கப் பதிவு செய்ய வேண்டும்.

கிளவுட் வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். நிலப்பரப்புத் தரவை ஒரே இடத்தில் வைத்து எல்லோருக்கும் வழங்குவதில் அதற்கு நிகரில்லை. ஆளுக்கொரு வரைபடம் வைத்திருப்பதால்தான் ஒருவர் திரையில் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் டாங்கி, இன்னொருவருக்கு வெட்டவெளியில் நிற்கிறது. வானிலை, கணினி இயக்கும் எதிரிப் படை, பயிற்சிப் பதிவு ஆகியவற்றையும் தாராளமாக அங்கே ஏற்றலாம். விமானியின் ஜன்னல் காட்சியை வரையும் கணினி மட்டும் காக்பிட் பக்கத்திலேயே இருக்கட்டும். ஸ்டிக்கை அசைத்த பிறகு காட்சி தாமதமாகத் திரும்பினால், விமானி தேவைக்கு மேல் திருப்பிவிடுவார். சிலருக்குக் குமட்டலும் வரும்.

இப்படிக்கு,
சிமுலேட்டர் இணைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்