இரண்டாம் தவணை நிறைவும் உள்ளூர் வரலாற்றுக் கொப்பிகளும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை வரும் வெள்ளிக்கிழமையோடு நிறைவு பெறுகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி மழைக்கு நடுவிலும் நல்லபடியாக நடந்து முடிந்தது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நமது மாணவர்கள் கோட்ட மட்டத்தில் பரிசு பெற்று வலய மட்டத்துக்குச் சென்றார்கள். தரம் 5 மாணவர்கள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஊக்கத்தோடு ஆயத்தமாகி வருகிறார்கள். தண்ணீர்த் தாங்கியைத் திருத்தித் தந்த பழைய மாணவர்களுக்கும், சிரமதானத்துக்கு வந்த அனைவருக்கும் பாடசாலையின் நன்றி உரியது. முன்னேற்ற அறிக்கைகளை வகுப்பாசிரியர்கள் வழங்குவார்கள்.

இந்தக் கடிதத்தில் நான் சற்று விரிவாக எழுத விரும்புவது, தரம் 7, 8 மாணவர்களைக் கம்பளைக்கு அழைத்துச் சென்றதைப் பற்றியும், அதற்குப் பின் எங்கள் கைக்கு வந்து சேர்ந்த உள்ளூர் வரலாற்றுக் கொப்பிகளைப் பற்றியுமாகும்.

அதிகாலையில் ஹட்டனிலிருந்து புறப்பட்டு, கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கம்பளையை அடைந்து, பழைய பீகொக் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்குச் சென்றோம். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 ஆம் ஆண்டு திறந்த இந்த நூதனசாலை, தொழிலாளர் குடும்பங்களின் பொருட்களையும் பத்திரங்களையும் தொழிலாளர் வரிசை வீடான ஒரு பழைய லயத்திலேயே வைத்துப் பாதுகாக்கிறது. தேயிலை இயந்திரங்களைப் பார்ப்பதானால் ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்குப் போகலாம். அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து கொண்டுவந்து கொடுத்தவர்களைப் பற்றி அறிய வேண்டுமானால் கம்பளைக்குத்தான் போக வேண்டும் என்று வரலாற்று ஆசிரியை சொன்னார், எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. 1820களில் பெருந்தோட்டமாகக் கோப்பி பயிரிடப்பட்ட சின்னப்பிட்டி கம்பளைக்கு அருகில்தான் இருக்கிறது. 1869 இல் கண்டுபிடிக்கப்பட்ட இலை நோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்ததையும், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்ததையும் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தார்கள். அந்தக் கதையில் தங்கள் வீட்டார் எங்கே இருந்தார்கள் என்பதை அன்றுதான் கண்டார்கள்.

கொழுந்துக் கூடைக்கும், தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் முன்னால் அவர்கள் அதிகம் நிற்கவில்லை, அவை வீட்டில் அன்றாடம் காணும் பொருட்கள். கம்பளிக்கு முன்னால்தான் கூட்டம் கூடியது. தரம் 7 மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்து, "சேர், இது எங்க அப்பாயி கட்டில்ல இருக்கு. நாங்க அதக் கால் மிதிக்குப் போட்டிருந்தோம். இனிமே போட மாட்டோம்" என்றாள். இன்னொரு மாணவன் லயத்துக் காம்பராவை (அறையை) காலடியால் அளந்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்குச் சொல்லி, தன் வீட்டுக் காம்பராவும் இதே அளவுதான் என்றான். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது பிள்ளைகள் பாட்டுப் பாடுவதை விட்டுவிட்டு, தங்கள் தோட்டத்து மலைகளின் பெயர்களைச் சொல்லிப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். தோட்டத்துப் பெயர்ப்பலகையில் ஆங்கிலப் பெயர் இருக்க, பெரியவர்களின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் வழங்குவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். முப்பது ஆண்டுக் கற்பித்தலில் இத்தகைய ஒரு பயணத்தை நான் அதிகம் கண்டதில்லை.

பயணத்துக்கு முன்னர் சில பெற்றோர் என்னிடம் வந்து, லயத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு லயத்தைக் காட்ட எதற்குப் பஸ் காசு என்று கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி. பிள்ளைகள் இந்த இடத்தைவிட்டு மேலே போக வேண்டும் என்பதற்காகவே நீங்கள் வெயிலிலும் மழையிலும் மலையேறுகிறீர்கள் என்பதை லயத்தில் பிறந்து வளர்ந்த நான் அறியாதவனல்ல. ஆனால் தான் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாத பிள்ளைக்கு, வெளியூரில் யாராவது கேட்கும்போது தலைகுனிவு வருகிறது. தெரிந்த பிள்ளை நேராக நின்று பதில் சொல்கிறது. கொழும்பில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் பலர் ஊர்ப் பெயரைக் கேட்டால் தடுமாறுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இனி கொப்பிகளின் விடயத்துக்கு வருகிறேன். பயணத்தின் பின், வீட்டில் அல்லது பக்கத்துக் காம்பராவில் உள்ள வயதில் மூத்த ஒருவரோடு உட்கார்ந்து பேசி, அவர் சொன்னவற்றைத் தன் சொந்த வார்த்தைகளில் நான்கு பக்கங்கள் எழுதி வரும்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லப்பட்டது. இரண்டு வாரங்களில் எல்லாக் கொப்பிகளும் வந்து சேர்ந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை பிள்ளைகள் எழுதியவை அல்ல. சில, பெரியவர்களின் கையெழுத்தில் இருந்தன. சில, கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து ஒட்டப்பட்டிருந்தன. வெவ்வேறு தோட்டங்களைச் சேர்ந்த ஏழு கொப்பிகளில் ஒரே பந்தி, ஒரே எழுத்துப் பிழையோடு இருந்தது. அது கைத்தொலைபேசியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது என்பது தெளிவு.

1956 இல் பிறந்த ஒரு பாட்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்ததாக ஒரு கொப்பி சொன்னது. அந்த நடைப்பயணம் உண்மையானது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் அவ்வழியே நடந்தார்கள், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே பலர் மாண்டார்கள், அதைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். ஆனால் தலைமன்னாருக்கு ரயில் பாதையும் அங்கிருந்து கப்பல் சேவையும் 1914 இலேயே வந்துவிட்டன. இந்தப் பாட்டியோ நமது தோட்டத்திலேயே பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். சென்ற மாதக் கோயில் பூசையில் அவரைக் கண்டு பேசியபோது, "எங்கிட்ட யாரு சேர் வந்து கேட்டா?" என்று அவர் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அதன் பின் அவர் அரைமணி நேரம் என்னோடு பேசினார். 1964 ஒக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த நம்மவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டதும், மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் பாதிப்பாதியாகப் பிரித்ததும் பிள்ளைகளின் பாடத்தில் எண்களாக இருக்கின்றன. அந்தப் பாட்டிக்கோ அது அவருடைய அக்காவைப் பற்றிய பேச்சு. அக்கா குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தது, இவர்கள் இங்கே இருக்க எழுதிக்கொடுத்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குப் போவோரை உறவினர் அழுது வழியனுப்பிய ஒப்பாரிக் கோச்சியில் (ரயிலில்) அக்காவை ஏற்றிவிட்டு, மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றதை அவர் சொன்னார். பிறகு, எழுபதுகளின் பஞ்ச காலத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் மரவள்ளியும் கீரையும் தின்று கொழுந்தெடுத்ததைச் சொன்னார். இவற்றில் ஒரு சொல்கூடப் பேரனின் கொப்பியில் இல்லை. அதே காம்பராவில், அதே அடுப்பங்கரையில், அவரோடு தினமும் ரொட்டி தின்னும் பேரன் அவன்.

இவ்வாறு நடந்ததற்கான காரணங்களை நான் உணராமல் இல்லை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து முடிக்கும் தாய்க்குக் கொப்பிக்கு ஒதுக்க நேரம் எங்கே இருக்கிறது? பல வீடுகளில் தாய் வெளிநாட்டிலும் தந்தை கொழும்பிலும் இருக்க, முதியவர்களே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். எழுத்துப் பிழை இருந்தால் புள்ளி குறையுமோ என்ற பயமும் பலருக்கு இருந்திருக்கிறது. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை நான் மனதார ஏற்கிறேன். இந்தப் பயம் இனித் தேவையில்லை. இக்கொப்பிக்கு எழுத்துப் பிழைக்காகப் புள்ளி குறைக்கப்படாது. அப்பாயியும் தாத்தாவும் பேசும் பேச்சை அப்படியே எழுதலாம். பெரட்டு, காம்பரா, நிரை (கொழுந்தெடுக்கும் வரிசை), அரைப்பேர் (அரைநாள் கூலி) போன்ற சொற்களை ஆசிரியர்கள் அடித்துத் திருத்த மாட்டார்கள்.

ஆனால் இரண்டு விடயங்களை நான் ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: பிள்ளை தானே எழுதாத கொப்பிகள் விடுமுறையில் மீள எழுதப்பட வேண்டும். அவ்வாறு மீள எழுதி வரும் கொப்பிகளில் பிள்ளையின் கையெழுத்து அல்லாத எதுவும், அச்செடுத்து ஒட்டிய எதுவும் வாசிக்கப்படாமலேயே திருப்பி அனுப்பப்படும். இதற்கு எவருக்கும் விதிவிலக்கு இல்லை. ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் இல்லை.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. ஒரு கொப்பியில், தாத்தா கவ்வாத்து வெட்டினார் என்று பிள்ளை எழுதியிருந்ததைப் பெரியவர் ஒருவர் அடித்துவிட்டு, தோட்ட உத்தியோகத்தராக இருந்தார் என்று மேலே எழுதியிருந்தார். வேறு இரண்டு கொப்பிகளில் லயம் என்ற சொல் வீடு என்று மாற்றப்பட்டிருந்தது. இதை இனி நான் அனுமதிக்க மாட்டேன். கவ்வாத்து வெட்டிய கைதான் உங்களை வளர்த்தது, என்னையும் வளர்த்தது. அதை மறைக்கும்படி ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், தன் தாத்தாவைப் பார்த்து வெட்கப்படும்படி நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறையில் தலைகுனிந்து நின்ற பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன். எந்தப் பிள்ளையும் அப்படி நிற்கும் நிலை இந்தப் பாடசாலையில் மீண்டும் வரக் கூடாது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறிய உதவி. விடுமுறையில் ஏதாவது ஒரு மாலை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். காலையில் பெரட்டுக்கு எதைக் கேட்டு எழும்பினீர்கள், முதல் நாள் எந்த மலையில் கொழுந்தெடுத்தீர்கள், அரைப்பேர் போட்ட நாளில் வீட்டில் என்ன சமைத்தீர்கள், காமன் கூத்தில் யார் ரதி வேஷம் கட்டினார்கள், உறவில் யார் யார் இந்தியாவுக்குப் போனார்கள் என்று பிள்ளை கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பதில் சொல்லாமல் இருந்தால் போதும். பெரியவர் பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்வது நல்லது, அதை வரவேற்கிறேன். மற்றவருடைய கொப்பியை அதில் படம் பிடித்து அனுப்புவதைத்தான் வேண்டாம் என்கிறேன். சொல்ல விரும்பாத துயரம் எதையும் பெரியவரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம்.

பழைய பத்திரங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். கம்பளைக்குப் போய் வந்த உற்சாகத்தில் சில பிள்ளைகள் பிரஜாவுரிமைச் சான்றிதழ்களையும் பழைய இந்தியக் கடவுச்சீட்டுகளையும் பைக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியதிலிருந்து பிரஜாவுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை, அந்தக் காகிதங்களுக்காக நம் குடும்பங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்குத் தெரியும். மூலப் பத்திரங்களைத் தயவுசெய்து பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம், பழம்பொருள் வாங்க வருபவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டாம். பிரதி எடுத்துத் தந்தால் போதும். கூடை, கத்தி, தப்பு, பித்தளைச் செம்பு போன்ற பொருட்களை ஒரு நாள் காட்சிக்குத் தர விரும்புவோர், வரலாற்று ஆசிரியையிடம் பெயர் பதிந்து, கையொப்பம் இட்டுத் தந்து, அன்றே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பயணத்தின்போது பிள்ளைகளுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்ததோடு, வராத பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துத் தந்த தாய்மாருக்கும், பஸ் கூலியில் ஒரு பகுதியை ஏற்ற பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும், அதிகாலை இருட்டில் பிள்ளைகளைச் சந்திவரை கொண்டுவந்து விட்ட தந்தைமாருக்கும், தன் சொந்தக் கையெழுத்தில் கொப்பி எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் என் உளமார்ந்த நன்றி. அத்தகைய கொப்பிகளை நான் இரண்டு முறை வாசித்தேன். அவற்றை எழுதிய பிள்ளைகள் மீள எழுத வேண்டியதில்லை.

மற்றவர்கள் புதிய கொப்பிகளை மூன்றாம் தவணையின் முதல் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் தங்கள் கொப்பிகளை வாசிப்பார்கள். உங்களுக்குப் பேர் (நாட்கூலி) குறையக் கூடாது என்பதற்காகவே ஞாயிறு தெரிவு செய்யப்பட்டது. கொப்பியில் இடம்பெற்ற பெரியவர்கள் முன்வரிசையில் அமர்வார்கள். படியேற முடியாதவர்களை அழைத்துவர மூத்த மாணவர்கள் கீழ் வாசலில் 9 மணியிலிருந்து நிற்பார்கள்; தேநீரும் ஆயத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
அதிபர்