அப்டேட் நின்றால் ஃபார்மட்தான் வழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று தங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த வாசகர் ஒருவர், "லினக்ஸில் அப்டேட்டைத் தொட்டாலே வம்பு. நிறுத்தி வைப்பதுதான் நல்லது. சிக்கிக்கொண்டால் ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். கட்டுரையோடு எனக்கு வழக்கு இல்லை. கடிதத்தோடுதான் இருக்கிறது.

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பட்டா மாறுதல் மனு, வாடகை ஒப்பந்தம், கல்லூரி விண்ணப்பம் என்று நாள் முழுக்க வேலை இருக்கும். கடைக் கணினிகள் எல்லாம் இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். அதனால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காக ஒன்றை மட்டும் விண்டோஸில் விட்டுவிட்டு, மற்றவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். இது தெரிந்த பிறகு, "அக்கா, அப்டேட் பாதியில நின்னுடுச்சு, மெக்கானிக் ஃபார்மட் போடணும்னு சொல்றார்" என்று தெருக்காரர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஃபார்மட் கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாண போட்டோ, பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய பத்திரங்கள் எல்லாம் போய்விடுமே, அது யாருக்கும் உறைப்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். மின்ட், உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் அப்டேட் நின்றால், ஏன் நின்றது என்பதைத் திரையில் எழுதிவிட்டுத்தான் நிற்கும். பல சமயம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கும். நம் ஆட்கள் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தைப் பார்த்ததும் மிரண்டு மூடிவிடுகிறார்கள். அத்தனை வரியையும் படிக்கத் தேவையில்லை. ஆங்கில 'ஈ' எழுத்தும் (புதிய பதிப்புகளில் 'எரர்' என்ற முழுச் சொல்லும்) அதையடுத்து மேலும் கீழுமாக இரண்டு புள்ளியும் வைத்துத் தொடங்கும் வரி எது என்று பாருங்கள். அதுதான் பிழை. 'டபிள்யூ' வைத்துத் தொடங்கினால் வெறும் எச்சரிக்கை, பெரும்பாலும் வேலை நடந்து முடிந்திருக்கும்.

எங்கள் ஊரில் அடிக்கடி வருவது மின்வெட்டுக் கேஸ். அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டால், அடுத்த முறை "டிபிகேஜி இடையில் தடைபட்டது, இந்தக் கட்டளையை நீங்களே ஓட்ட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் செய்தி வரும். டிபிகேஜி என்பது பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை நிறுவும் நிரல். கட்டளையும் அந்த வரியிலேயே மேற்கோளுக்குள் முழுதாக இருக்கும். அதை அப்படியே டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் அடித்து, கடவுச்சொல்லைக் கொடுத்தால், பாதி நிறுவிய பேக்கேஜ்களை எல்லாம் அது வரிசையாக முடித்துக்கொண்டு போகும். சில லினக்ஸ்களில் கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று அதற்கும் ஒருவர் கணினியைக் கொண்டுவந்தார். கடையில் யுபிஎஸ் இருந்தாலும், தங்கள் நாளிதழில் வரும் 'நாளைய மின்தடை' பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் பெரிய அப்டேட் எதையும் தொடுவேன். அந்தப் பகுதிக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்று பூட்டு. "லாக் கிடைக்கவில்லை, இன்ன எண்ணுள்ள பிராசஸ் அதை வைத்திருக்கிறது" என்று வரும். பின்னணியில் தானியங்கி அப்டேட்டோ அப்டேட் மேனேஜரோ ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேக்கேஜ் பட்டியலில் கைவைக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. டீ குடித்துவிட்டு வந்தால் தானாக விலகியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியம் என்ன? லாக் கோப்பையே அழித்துவிடு என்பது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்போது அதை அழித்தால் பேக்கேஜ் தரவுத்தளமே குழம்பிப்போகும். சாதாரணமாகக் காத்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டியதை ஃபார்மட் வரைக்கும் கொண்டுபோவது இந்த ஃபார்வர்டுகள்தான். அதை அனுப்பியவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் கடினமானதற்கு வருகிறேன். பேக்கேஜ் எதுவும் தனியாள் இல்லை. ஒன்று ஓட வேண்டுமானால் இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும், அதற்கு இன்னொன்று. லிப்ரே ஆபிஸின் புதுப் பதிப்பு வேண்டும் என்று யாரோ ஒருவர் சொன்ன பிபிஏ என்ற வெளியார் மென்பொருள் கிடங்கைச் சேர்த்துவிடுகிறோம். சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு மின்ட் தரும் பதிப்பும் அந்தக் கிடங்கு தரும் பதிப்பும் ஒத்துப்போகாமல், "சார்புகள் நிறைவேறவில்லை" என்று நின்றுவிடும். மின்ட்டில் 'சாஃப்ட்வேர் சோர்ஸஸ்' என்ற இடத்தில் 'மெயின்டனன்ஸ்' பகுதி உண்டு. வெளியிலிருந்து வந்த பேக்கேஜ்களை மின்ட்டின் சொந்தப் பதிப்புக்கே இறக்கிவிடும் பொத்தான் அங்கே இருக்கிறது. பிபிஏவை நிறுத்திவிட்டு அதை அழுத்தினால், என் கடைக்கு வருகிற சார்புத் தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடுகின்றன. டெர்மினல் கூடத் தேவையில்லை.

எதையும் நிறுவும்போதும் நீக்கும்போதும் "தொடரலாமா?" என்று கேட்கும் இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். அதற்கு மேலே, நீக்கப்படப் போகும் பேக்கேஜ்களின் பட்டியல் 'ரிமூவ்ட்' அல்லது 'ரிமூவிங்' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டு வரும். அதில் சின்னமன், எக்ஸ்ஆர்க், டெஸ்க்டாப் என்று திரைத் தோற்றத்தையே தாங்குபவற்றின் பெயர்கள் இருந்தால் ஆங்கில 'என்' எழுத்தை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கனடாவின் லைனஸ் செபாஸ்டியன் லட்சக்கணக்கானோர் பார்க்கும் யூடியூபர், கணினியே தொழில். அவர் 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். "ஆபத்தான காரியம் செய்யப் போகிறீர்கள், தொடர வேண்டுமென்றால் 'ஆமாம், நான் சொல்கிறபடி செய்' என்று தட்டச்சு செய்யுங்கள்" என்று திரை கேட்டது. அவரும் செய்தார். டெஸ்க்டாப் முழுவதும் போய்விட்டது. ஸ்டீம் பேக்கேஜில் சார்பு முரண் இருந்ததும் உண்மை, அதைத் திருத்தினார்கள். அப்புறம் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் என்ற கருவியிலேயே அந்த வழியைச் சுலபத்தில் எட்டாதபடி செய்துவிட்டார்கள். ஆனாலும் திரை சொல்லிவிட்டுத்தான் செய்தது. இந்தச் சம்பவத்தை லினக்ஸுக்கு எதிரான சாட்சியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் இதை வரியைப் படிக்காததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

சில பிழைகளுக்கு அப்டேட்டோடு சம்பந்தமே இருக்காது. "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் இத்தனை மணி நேரம் ஆகும்" என்று வந்தால், கணினியின் மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பின்னால் போயிருக்கும். நெட் கிடைத்ததும் வழக்கமாகத் தானே சரிசெய்துகொள்ளும். செய்யாவிட்டால் தேதியைக் கையால் மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் கிடைக்கும். இதற்குப் போய் ஒரு வயதானவரிடம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

வட்டில் இடமில்லை என்று வருவதும் அப்படித்தான். டிஸ்கை என்கிரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி) நிறுவியவர்களுக்கு, கணினியைத் தொடங்கவைக்கும் பூட் பகுதி தனியாக, சிறியதாக இருக்கும். லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் பழைய பதிப்புகள் அதில் சேர்ந்துபோய் நிரம்பிவிடும். அப்டேட் மேனேஜரில் கெர்னல் பட்டியலைத் திறந்து, இப்போது ஓடுவதையும் அதற்கு முந்தையதையும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினால் சரி. முந்தையதை ஏன் விட வேண்டும் என்றால், புதுக் கெர்னலில் திரை கறுத்துப்போனாலோ வைஃபை வராமல் போனாலோ, கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைப் பிடித்து, 'அட்வான்ஸ்ட்' பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். அன்றைய வேலை கெடாது. எங்கள் கடை லேசர் பிரிண்டர் ஒன்று இப்படித்தான் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பேசாமல் உட்கார்ந்துகொண்டது. காரணம் கெர்னல் இல்லை. அதன் டிரைவரோடு தனியாக இறக்க வேண்டிய ப்ளக்-இன் ஒன்று உண்டு, இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். டிரைவர் முன்னேறிவிட்டது, ப்ளக்-இன் பின்தங்கிவிட்டது. மறுபடி இறக்கியதும் அச்சடித்தது. வாசலில் வரிசை நின்றதால் எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுதவில்லை.

வாசகர் சொன்ன "நிறுத்தி வைப்பதே நல்லது" என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம், அப்டேட் வழியாகவே விஷம் வரலாம் என்பது. எக்ஸ்இசட் விவகாரத்தை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதை வெளியே சொன்னார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்தபோது அகப்பட்டது. பெரிய ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது சிக்கியது பெரும்பாலும் சோதனை நிலையில் இருந்த பதிப்புகளில். டெபியனின் நிலையான பதிப்புக்கோ, மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த உபுண்டு பதிப்புகளுக்கோ, அதன் மேல் நிற்கும் மின்ட்டுக்கோ அது வந்து சேரவே இல்லை. வங்கிக் கணக்கு திறக்கும் பிரவுசரைப் பல மாதமாகப் புதுப்பிக்காமல் வைத்திருப்பதில் இருக்கும் ஆபத்து அதைவிட வெகு பக்கத்தில் இருக்கிறது.

பயமாக இருந்தால் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட்டை இயக்கி வையுங்கள். நீங்கள் சொல்லி வைத்த இடைவெளியில் நகல் எடுத்துக்கொள்ளும், பெரிய அப்டேட்டுக்கு முன் நீங்களே ஒன்று எடுத்தும் வைக்கலாம், கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது கணினியின் சிஸ்டம் கோப்புகளுக்குத்தான். உங்கள் போட்டோவும் பத்திரமும் அதில் வராது, அவற்றை வெளி டிஸ்கில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "டைம்ஷிஃப்ட் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். காஞ்சிபுரம், விழுப்புரம், சென்னை போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். இணைப்பிதழில் வாரம் கால் பக்கம் ஒதுக்கி, வாசகர் அனுப்பும் பிழைச் செய்திக்கு அவர்களைப் பதில் எழுத வைக்கலாமே. அனுப்புகிறவர்கள் "அப்டேட் ஆகவில்லை" என்று ஒரு வரி எழுதாமல், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, கடைசியாக எதை நிறுவினார்கள் என்பதோடு திரை முழுவதையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் கடைக்கு வருபவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேருக்கு அதைச் சொல்லும்போதே காரணம் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, லினக்ஸ் நிறுவச் சொல்லிக் கட்டுரை போடும்போது எந்தப் பதிப்புக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். "புதுசு" என்று யாரோ உபுண்டு 23.10-ஐ நிறுவிக் கொடுத்த கணினி ஒன்று என்னிடம் வந்தது. இப்படி இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். 23.10-க்கு 2024 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. அதன் பேக்கேஜ்களைப் பழைய கிடங்குக்கு மாற்றிவிட்டதால் எதைக் கேட்டாலும் 404, அதாவது 'கிடைக்கவில்லை' என்றது. உரிமையாளரோ நெட் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு உண்டு. உபுண்டு 24.04-க்கும் அதன் மேல் கட்டிய மின்ட் 22-க்கும் 2029 வரை. தங்கள் கட்டுரையில் பதிப்பின் பெயர் இருந்தது, ஆண்டு இல்லை. அடுத்த வாரம் ஒரு சிறு திருத்தமாகவாவது அதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடை நடத்தும் வாசகி,
அறந்தாங்கி.