முத்தையன்கட்டிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய, ஸ்னைப் ஈல் (snipe eel) என்னும் ஆழ்கடல் விலாங்கு பற்றிய கட்டுரைகளை வீட்டாருக்கு வாசித்து விளக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பெரியப்பாவின் முதல் கேள்வி, "அதைக் கறி காய்ச்சலாமா?" ஒன்றரை மீட்டர் வரை வளர்ந்தாலும் அரைக் கிலோகூடத் தேறாது என்றேன். "பிறகேன் பிள்ளை அதை ஆராயக் கப்பலேறப் போகிறாள்?" என்றார். சென்ற கிழமை தொலைபேசியில் நீயும் கிட்டத்தட்ட இதையே கேட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அந்த மீனைப் பிடித்துவிட்டது. முதுகெலும்புக் கணுக்கள் மட்டும் 700க்கு மேல். நாம் 33 கணுக்களோடு பிறக்கிறோம். கழிவு வாசல் தொண்டையடியில் இருக்கிறது. (அம்மாவுக்குப் படத்தைக் காட்டியும் நம்பவில்லை.) உள்ளான் குருவியின் அலகைப் போல நீண்ட தாடைகள், ஆனால் நுனிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வளைந்திருப்பதால் வாயை முழுதாக மூட முடியாது. இறாலின் நீண்ட மீசை அந்தப் பொடிப் பற்களில் சிக்கிக்கொள்கிறதாம். பெரும்பாலும் 300 மீட்டருக்கும் கீழே, இருட்டில், சில வேளை நெட்டுக்குத்தாகத் தொங்கியபடி அசையாமல் நிற்குமாம். வலை விரித்துவிட்டுக் காத்திருக்கும் நம் முல்லைத்தீவுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆண் விலாங்கின் நிலைதான் பரிதாபம். பருவம் வந்ததும் பற்கள் கொட்டி, அலகு குறுகி, மூக்குத் துளைகள் மட்டும் பெரிதாகின்றன. ஆளே மாறிப்போவதால் விஞ்ஞானிகள் அதை வேறு இனமென்று பதிந்து வைத்திருந்தார்களாம். படித்தவர்களும் தடுமாறுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 2010ஆம் ஆண்டுக் கட்டுரைதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், குளத்திலும் ஆற்றிலும் வாழும் விலாங்குகளுக்கு நெருங்கிய சொந்தம் இந்த ஆழ்கடல் விலாங்குகளே என்று தெரிந்திருக்கிறது. கரையோரத்து விலாங்குகள்கூட அவ்வளவு நெருக்கமில்லை. நீர்ப்பாசன வேலையில் இருந்த காலமெல்லாம் துருசு என்னும் மதகடியிலும், மிகைநீர் வழியும் வானுக்குக் கீழேயும் நான் பார்த்த விலாங்குக்கு மூதாதையர் ஆழ்கடலில் இருந்திருக்கிறார்கள்! வளர்வது நன்னீரில் என்றாலும் முட்டையிட அது கடலுக்கே போகிறது, போனது திரும்புவதில்லை. இங்கிருந்து போவதென்றால் மாரியில் குளம் வான் பாயும்போது பேராற்றில் இறங்கி, நந்திக்கடல் களப்பைக் கடந்து, வட்டுவாகலில் முகத்துவாரம் திறந்திருக்கும்போது வெளியேற வேண்டும். ஜப்பான் விலாங்கின் முட்டைகளை 2009இல் பசிபிக்கில் மரியானாத் தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் எடுத்திருக்கிறார்கள். நம்முடையதைத் தேடவும் யாராவது போகத்தானே வேண்டும்? அதை நீ செய்தால் என்ன?

இதைச் சொன்னதும் பெரியப்பா, "சொந்தமென்றால் ருசியாகத்தான் இருக்கும்" என்றார். அவரை இனித் திருத்த முடியாது.

ஆகவே ஆய்வுக் கப்பலில் உன் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்காதே. ஊரார் பயன் கேட்டால் என்னிடம் அனுப்பு. காசு குறைந்தால் தயங்காமல் சொல், இந்தப் போகம் நெல் மோசமில்லை. அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். கப்பல் புறப்படும் திகதி உறுதியானதும் அவரிடம் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா