பைத்தான் படிக்க நகையை அடகு வைக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மென்பொருள் துறையில் நுழைய என்ன படிக்கலாம் என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சி மையம், கட்டணம், தவணை வசதி எல்லாம் விவரமாக இருந்தது. காசில்லாமல் படிக்க வழி உண்டா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியை நடத்துகிறவள் என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பைத்தான் நிரலில் எண்களின் பட்டியல் ஒன்றுக்கு இரண்டாவதாக இன்னொரு பெயரும் வைத்து, அந்தப் பெயர் வழியாக ஓர் எண்ணைச் சேர்த்தால், முதல் பெயரிலும் அது வந்து நிற்கும். “அதை நான் தொடவே இல்லையே மிஸ்” என்பார்கள். கரும்பலகையில் எவ்வளவு சொன்னாலும் பாதிப் பேருக்குப் பிடிபடாது. ‘பைத்தான் டியூட்டர்’ என்ற தளத்தில் அதே நிரலை ஒட்டி, ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வரியாக ஓடும். இரண்டு பெயரிலிருந்தும் கிளம்பும் அம்புக்குறி ஒரே பெட்டியில் போய் முட்டுவது கண்ணெதிரே தெரியும். பிலிப் குவோ 2010இல் தொடங்கிய தளம் இது. கட்டணம் கிடையாது. ஜாவா, சி, சி++ நிரல்களையும் ஓட்டிப் பார்க்கலாம்.

இப்போது சாட்ஜிபிடியிடம் நிரலை வாங்கி அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். திட்டிப் பயனில்லை. “சரி, வாங்கியதை இதில் போட்டு, அடுத்த வரியில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு அழுத்து” என்கிறேன். புரிந்து வாங்கினார்களா, சும்மா வாங்கினார்களா என்பது சீக்கிரமே வெளுத்துவிடும்.

ஆங்கிலம்தான் தடை என்றால், ஐஐடி பம்பாயில் உருவான ‘ஸ்போக்கன் டுடோரியல்’ இருக்கிறது. பத்து நிமிட அளவிலான காணொளிகள், தமிழ்க் குரலிலும் உண்டு. பாதித் திரையில் அது ஓட, மறுபாதியில் நாமும் செய்து பார்க்க வேண்டும் என்பதே அதன் முறை. வலைத்தளம் கட்ட விரும்புகிறவர்களுக்கு மோசில்லா தொடங்கிய எம்டிஎன் என்ற கையேட்டுத் தளம், பயிற்சிக்கு ஃப்ரீகோட்கேம்ப் தளம். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் 2008 முதல் சேர்ந்த பதில்கள் குவிந்து கிடக்கின்றன. தேடி எடுக்கலாம், புதிதாகக் கேட்கப் போனால் கொஞ்சம் கடுகடுப்பார்கள்.

எங்கள் ஊரில் ஒரு மையம் பைத்தானுக்கு முப்பதாயிரம் ரூபாய் வாங்குகிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய தாயை எனக்குத் தெரியும். அந்த மகள் கொண்டுவந்த பாடத்திட்டத்தைப் பார்த்தேன். பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடக்கும் பயிற்சிப் பகுதியின் தலைப்புகள், அதே வரிசையில்! மையத்துக்குப் போனால் நேரத்துக்கு உட்கார்ந்து படிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முப்பதாயிரமா?

அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் இணையம் இழுத்தடிக்கும் நாட்கள் உண்டு. டெவ்டாக்ஸ் தளத்தில் வேண்டிய நிரல்மொழியின் கையேட்டை ஒருமுறை இறக்கிவிட்டால், அப்புறம் இணையம் இல்லாமலே பார்க்கலாம். ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளையும் இறக்கி வைக்கலாம். ஆய்வகக் கணினிகளில் இவற்றைப் போட்டு வைக்கக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். உங்கள் மாணவர் பக்கத்திலும் வாரம் ஒரு தளத்தை, அதில் முதலில் எதைத் திறப்பது என்ற குறிப்போடு வெளியிடுங்கள். பயிற்சி மைய விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே வந்தாலும் சரி.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை,
சங்கரன்கோவில்